கத்தியை எப்போது எடுப்பது? ஷூட்டர் கேம்களில் மெலி ஆயுதத் தேர்வு

ஆன்லைன் ஷூட்டர் கேம்களில் துப்பாக்கி வேண்டுமானால் காசு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வீடு வீடாகப் புகுந்து தேட வேண்டும். கத்தி மட்டும்தான் கேட்காமலே கையில் வந்து நிற்கும். புதிதாக ஆட வருகிறவர்கள் அதை இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள். பின்னாலிருந்து பூனை மாதிரி போய்க் குத்தி எதிராளியின் மானத்தை வாங்கும் கருவி என்பது ஒன்று. ரவுண்ட் தொடங்கும்வரை சுழற்றிக் காட்டிக்கொண்டிருக்கும் அலங்காரம் என்பது இன்னொன்று. முதலாவது எப்போதாவது பலிக்கும், இரண்டாவது எப்போதும் பலிக்கும். ஜெயிப்பதற்கு இரண்டுமே பெரிதாக உதவாது.

எந்த மெலி ஆயுதம், அதாவது கை எட்டும் தூரத்தில் அடிக்கும் ஆயுதம், நல்லது என்று கேட்டால் எல்லோரும் முதலில் டேமேஜ் எண்ணை (ஒரு அடியில் எதிராளியின் ஹெல்த் எவ்வளவு குறையும் என்பதை) தேடுவார்கள். அதைக் கடைசியில் பாருங்கள் என்பேன். கை எட்டும் தூரத்துக்கு எதிராளியை நெருங்குவது ஒரு மேட்சில் ஒன்றிரண்டு தடவை நடந்தால் அதிகம். மற்ற நேரமெல்லாம் அந்த ஆயுதம் கையில் சும்மா இருக்கும், அல்லது முதுகில் தொங்கும். சும்மா இருக்கும் அந்த நேரத்தில் அது உங்களுக்கு என்ன தருகிறது? ஓடும் வேகமா, குண்டிலிருந்து பாதுகாப்பா, அணிக்கு ஏதாவது லாபமா? இதற்குப் பதில் கேமுக்கு கேம் மாறும். அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கவுண்டர்-ஸ்டிரைக் 2: ஓட ஒன்று, காத்திருக்க ஒன்று

இங்கே கத்தியோடு ஓடினால் வேகம் வினாடிக்கு 250 யூனிட். எம்4 கையில் இருந்தால் 225, ஏகே-47 என்றால் 215. ஏடபிள்யூபி ஸ்னைப்பரைத் தூக்கினால் 200-க்கு இறங்கிவிடும். 2500 யூனிட் தூரத்தைக் கத்தியோடு 10 வினாடியில் கடக்கிறவர், ஏகே-யோடு ஓடினால் 11.6 வினாடி எடுப்பார், ஏடபிள்யூபியோடு 12.5. இரண்டரை வினாடி சின்ன விஷயம் இல்லை. எதிரணி ஒரு ஸ்மோக் (புகைக்குண்டு) போட்டு, மூலையைப் பிடித்து, குறியையும் சரிசெய்து வைத்துவிடும். ரவுண்ட் தொடங்கியதும் பத்துப் பேர் கையிலும் கத்தி தெரிவது இதனால்தான்.

ஆனால் ரைஃபிளை வெளியே எடுக்கச் சுமார் ஒரு வினாடி ஆகும். அந்த ஒரு வினாடியில் செத்துப்போகிறவர்கள்தான் கீழ் ரேங்குகளில் அதிகம். கத்தியோடு ஓடலாம், ஆனால் எதிராளி வந்து சேர்ந்திருக்க வாய்ப்புள்ள முதல் மூலைக்கு முன்பே துப்பாக்கி கையில் வந்திருக்க வேண்டும். மூலையில் திரும்பிக்கொண்டே மாற்றுவது தற்கொலை.

இப்போது குத்துக்கு வருவோம். வலது கிளிக்கில் முன்னாலிருந்து குத்தினால், கவசம் இல்லாதவருக்கு 65 டேமேஜ், கவசம் போட்டவருக்கு 55. அதாவது இரண்டு குத்து வேண்டும், இரண்டுக்கும் நடுவே சுமார் ஒரு வினாடி காத்திருக்க வேண்டும். பின்னாலிருந்து குத்தினால் கவசம் இருந்தாலும் ஒரே குத்தில் கதை முடிந்துவிடும். கொன்றால் 1500 டாலர், அதாவது கேமுக்குள் ஆயுதம் வாங்கும் பணம். ரைஃபிளில் கொன்றால் 300 மட்டும்தான்.

இந்த 1500-ஐப் பார்த்து ஆசைப்படும் முன் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். முதுகைக் காட்டி நிற்கிறவரைச் சுட்டால் 300 உறுதி. கத்தியால் போனால் கூடுதலாகக் கிடைப்பது 1200. தவறினால் போவது ஏகே-வுக்கு 2700, ஹெல்மெட்டோடு கவசத்துக்கு 1000, ஆக 3700. நான்கில் ஒரு தடவை சொதப்பினாலே லாபம் நஷ்டமாக மாறிவிடும். அந்த ரவுண்டையே இழப்பது இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. கையிருப்பு உச்ச வரம்பான 16,000-ஐத் தொட்டுவிட்டாலோ, பணம் புதிதாகத் தொடங்கும் முன் பாதியின் கடைசியான 12-ஆவது ரவுண்டாக இருந்தாலோ, அந்த 1500-க்கு ஒரு மதிப்பும் இல்லை. அப்போதும் கத்தியோடு துரத்துகிற டீம்மேட்டைப் பார்த்தால் மைக்கில் இரண்டு வார்த்தை சொல்லத் தோன்றும். சொல்லுங்கள், தப்பில்லை.

பணம் இல்லாத ரவுண்டில், அணியே பிஸ்டலோடு நிற்கும்போது, கணக்கு தலைகீழ். இழக்க ஒன்றும் இல்லை, கிடைத்தால் 1500. கத்திக்குத்து ஒரு தந்திரமாக மதிப்புப் பெறுவது அங்கேதான்.

அதே 3-ஆம் எண் பொத்தானில் இன்னொன்றும் இருக்கிறது: 200 டாலர் ஜீயஸ் எக்ஸ்27. டேசர் என்றாலும் இது கிட்டப்போய் அடிக்கும் ஆயுதம்தான். முன்னால், பின்னால் என்ற பேதம் இல்லை, கவசத்தையும் மதிக்காது, எட்டும் தூரத்தில் பட்டால் ஆள் காலி. இதற்கு முந்தைய கேமான சிஎஸ்:கோவில் (கவுண்டர்-ஸ்டிரைக்: குளோபல் அஃபென்சிவ்) ஒரே ஒரு தடவை சுட்டதும் தீர்ந்துவிடும். சிஎஸ் 2-இல் 2024-இல் வந்த அப்டேட்டுக்குப் பிறகு 30 வினாடியில் மறுபடி சார்ஜ் ஆகிறது. கத்திக்குத் தரும் 1500 இதற்குக் கிடையாது.

இரண்டில் எது? கத்தி ஏற்கெனவே இருக்கிறது, எனவே 200 டாலருக்கு ஜீயஸும் வேண்டுமா என்பதே கேள்வி. குறுகலான இடத்தில் எதிராளி உங்களைத் தேடி வரப்போகிறார் என்றால் வாங்குங்கள். மிராஜின் பேலஸ் வழி, இன்ஃபெர்னோவின் அபார்ட்மெண்ட் மாதிரி இடங்களில் கதவோரம் நிற்பவர் கையில் ஜீயஸ் இருந்தால் ரைஃபிள்காரரும் தயங்குவார். நீங்கள் எதிராளியைத் தேடிப் போகிறீர்கள் என்றால் அந்த 200-ஐ எதிராளியின் கண்ணைக் கட்டும் ஒரு ஃப்ளாஷ் குண்டுக்குப் போடுங்கள். குண்டு தீர்ந்த அவசரத்தில் கத்தியை உருவுவது பற்றியும் ஒரு வார்த்தை: ஏகே-வை ரீலோட் செய்ய இரண்டரை வினாடிக்குப் பக்கமாகும், பிஸ்டலுக்கு மாறுவது அதைவிட மிக வேகம். பிஸ்டலில் குண்டு இருக்கும்வரை கத்திக்கு அங்கே வேலையே இல்லை.

இன்னொரு ஷூட்டர் கேமான வாலரண்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கத்தியோடு வினாடிக்கு 6.75 மீட்டர், வாண்டல் மாதிரி ரைஃபிளோடு 5.4 மீட்டர், அதாவது கால்வாசி கூடுதல் வேகம். ஆனால் எந்த ஆயுதத்தில் கொன்றாலும் 200 கிரெடிட்தான், கத்திக்கென்று தனிப் பரிசு இல்லை. எனவே ஓடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கத்திக்கொலை வெறும் கேலிக்காகத்தான்.

பப்ஜி: தேர்வே இல்லாத தேர்வு

பப்ஜியில் தொடக்கத்திலிருந்தே இருக்கும் மெலி ஆயுதங்கள் நான்கு: மச்செட்டி, அரிவாள், கடப்பாரை, ஃப்ரையிங் பேன். முதல் மூன்றுக்கும் அடிப்படை டேமேஜ் 60, பேனுக்கு 80. இத்தோடு நின்றிருந்தால்கூடப் பேன்தான் ஜெயித்திருக்கும். அதற்கு மேல், இடுப்புக்குப் பின்னால் தொங்கும்போது அது குண்டையும் தடுக்கும். கார்98 ஸ்னைப்பரின் குண்டாக இருந்தாலும் சரி, பேனில் பட்டால் 'ணங்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எத்தனை தடவை பட்டாலும் உடையாது. லெவல் 3 வெஸ்டுக்கே ஆயுள் உண்டு, இந்தச் சமையல் சாமானுக்கு இல்லை.

அது மறைப்பது பின்புறத்தின் சின்னப் பகுதியை மட்டும்தான். ஓடி ஒளியும்போது தப்பித்தால் அதிர்ஷ்டம், அதை நம்பி முதுகைக் காட்டக் கூடாது. ஆனால் எடை, இடம் என்று எதையும் பெரிதாகக் கேட்காமல் கிடைக்கிற அதிர்ஷ்டத்தை ஏன் விட வேண்டும்? பேன் கண்ணில் பட்டால் எடுத்து மாட்டிக்கொண்டு, அதை அப்படியே மறந்துவிடலாம். இறங்கிய முதல் நிமிடத்தில், கையில் ஒன்றும் இல்லாதவர்கள் ஒரே வீட்டுக்குள் மாட்டிக்கொள்ளும்போது மட்டும் அதைக் கையில் எடுக்கும் வேளை வரும். அப்போதும் பக்கத்து அறையில் ஒரு பி18சி பிஸ்டல் கிடந்தால் பேனைத் தூக்கிக்கொண்டு பாய்பவர்தான் முதலில் லாபிக்குத் திரும்புவார்.

மற்ற மூன்றும் ஏன் இருக்கின்றன என்று நியாயமாகவே கேட்கலாம். ஒன்று மற்றவற்றைவிட எல்லா விதத்திலும் மேலாக இருந்தால் அங்கே தேர்வு என்று ஒன்று மிஞ்சுவதில்லை. இந்த விஷயத்தில் பப்ஜி தோற்ற இடத்தில்தான் அதைவிடப் பத்து வருடம் மூத்த ஒரு கேம் ஜெயித்தது.

டீம் ஃபோர்ட்ரஸ் 2: மெலி பற்றி உண்மையில் யோசித்த கேம்

2007-இல் வந்த டிஎஃப் 2-இல் ஒன்பது கதாபாத்திரங்கள். ஒவ்வொருவருக்கும் மெலி ஸ்லாட்டில் பல ஆயுதங்கள், ஒன்றை எடுத்தால் இன்னொன்று தருவதை இழக்க வேண்டும். சும்மா இருக்கும்போது ஆயுதம் என்ன செய்கிறது என்ற கேள்விக்கு இங்கே கிடைக்கிற மாதிரி பதில் வேறெங்கும் கிடைக்காது.

மெடிக்கை எடுத்துக்கொள்வோம். டீமுக்கு வைத்தியம் பார்க்கும் ஆள், கிட்டப்போய்ச் சண்டை போடுவது அவர் வேலையே இல்லை. ஆனாலும் போட்டி ஆட்டங்களில் அவர் கையில் வழக்கமாக இருப்பது ஊபர்சா. ஒரு அடி பட்டால் ஊபர் சார்ஜ் (நிரம்பியதும் சில வினாடிக்கு அடியே படாத பலம் தருவது) 25 சதவீதம் ஏறும். சாதாரண மெடிகன்னில் அது முழுதாக நிரம்ப, சீக்கிரமாக என்றால் 40 வினாடி. ஆக ஒரு அடி 10 வினாடி வைத்தியத்துக்குச் சமம். எதிரணி மெடிக்கிடம் 90 இருக்கிறது, உங்களிடம் 80. துரத்தி வரும் ஸ்கவுட்டை ஒரு தடவை வெட்டிவிட்டால் உங்களுக்கு முழு ஊபர், அவருக்கு இன்னும் நான்கு வினாடி பாக்கி. அந்த நான்கு வினாடியில் மேப்பே கைமாறும். இதற்கு மாற்று சாலம் வாவ். அதைக் கையில் வைத்திருந்தாலும் முதுகில் வைத்திருந்தாலும் எதிராளிகளின் ஹெல்த் உங்களுக்குத் தெரியும். "சோல்ஜருக்கு 40 தான் இருக்கு, அடிங்க" என்று மைக்கில் சொல்லும் பழக்கமும், அதைக் கேட்கும் அணியும் இருந்தால் அது தங்கம். முன்பின் தெரியாதவர்களோடு ஆடும் கேஷுவல் மேட்சில் யாரும் கேட்க மாட்டார்கள், ஊபர்சாவே போதும்.

சோல்ஜருக்கு இதைவிடக் கடினமான தேர்வு. எஸ்கேப் பிளான் உங்கள் ஹெல்த் குறையக் குறைய ஓடும் வேகத்தைக் கூட்டும். ஆனால் அது கையில் இருக்கும்வரை மெடிக்கின் வைத்தியம் சரியாக ஏறாது, உங்கள் மேல் விழும் அடியும் கூடும். டிசிப்ளினரி ஆக்‌ஷன் ஒரு சாட்டை. டீம்மேட்டை அடித்தால் இருவரும் சில வினாடி வேகமாக ஓடலாம். முதல் சண்டைக்கு ஒரு டெமோமேனை முன்கூட்டியே கொண்டுபோய்ச் சேர்க்க அருமையான சாமான். மூன்றாவது மார்க்கெட் கார்டனர், ஒரு மண்வெட்டி. ராக்கெட் ஜம்ப் செய்து, கால் தரையைத் தொடும் முன் அடித்தால் கிரிட், அதாவது பலமடங்கு அடி, 195 டேமேஜ்.

அந்த 195-ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஸ்கவுட், என்ஜினியர், ஸ்னைப்பர், ஸ்பை நால்வருக்கும் 125. மெடிக்குக்கு 150. பைரோவுக்கும் டெமோமேனுக்கும் 175. இவர்கள் எல்லோரும் ஒரே அடியில் காலி. எதிரணி சோல்ஜருக்கு 200. வானத்திலிருந்து கச்சிதமாக இறங்கி அவர் மண்டையில் போட்டால், 5 மிச்சத்தோடு நின்று உங்களைத் திரும்பிப் பார்ப்பார். அவர் கையில் ராக்கெட் லாஞ்சர், உங்கள் கையில் மண்வெட்டி. இந்த ஆயுதத்தை எடுக்கிறவர்கள் யாரைக் குறிவைப்பது என்பதைப் பறக்கத் தொடங்கும் முன்பே முடிவுசெய்ய வேண்டும். விளையாட்டு இன்பம் என்று பார்த்தால் மூன்றில் இதுதான் முதல். ஜெயிக்க வேண்டும் என்றால் எஸ்கேப் பிளானோ சாட்டையோ.

பைரோவுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பவர்ஜாக் கையில் இருக்கும்வரை 15 சதவீதம் வேகம், பதிலுக்கு உங்கள் மேல் 20 சதவீதம் கூடுதல் அடி. சண்டை நடக்கும் இடத்துக்குப் போய்ச் சேரவும் சுற்றி வளைக்கவும் இதுதான். ஆனால் உங்கள் அணியில் ஒரு என்ஜினியர் சென்ட்ரி (தானாகச் சுடும் துப்பாக்கி) கட்டி உட்கார்ந்திருக்கிறார், எதிரணி ஸ்பை அதில் சேப்பர் (அதை முடக்கும் கருவி) வைத்துக்கொண்டே இருக்கிறார் என்றால் ஹோம்ரெக்கர். அந்தச் சுத்தியலால் தட்டினால் சேப்பர் கழன்று விழும். எரிகிறவரை வெட்டினால் கூடுதல் வலி தரும் ஆக்ஸ்டிங்விஷர் பார்க்க ஜோராக இருக்கும், ஷாட்கன் அந்த வேலையைத் தள்ளி நின்றே செய்துவிடும்.

ஸ்பை தனி ஜாதி. அவருக்குக் கத்திதான் முதல் ஆயுதம், ரிவால்வர் துணைக்கு. பேக்ஸ்டாப் (முதுகில் குத்து) பட்டால் 300 ஹெல்த் ஹெவியும் போய்ச் சேர்ந்தார். புதியவர்கள் வீடியோ பார்த்துவிட்டு குனாய் என்ற கத்தியை எடுக்கிறார்கள். வரிசையாக நான்கு பேரைக் குத்தும் திறமை இருந்தால் அது சாகா வரம். குத்துப்பட்டவரின் ஹெல்த் உங்களுக்கு வரும், 210 வரை போகலாம். ஆனால் தொடக்கம் 125-க்குப் பதில் 70 மட்டும். முதல் குத்தே தவறுகிற நிலையில் இருப்பவர் அந்த 70-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வார்? சாதாரணக் கத்தியில் ஆரம்பியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கேமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் கேஷுவல் சர்வர்களில் ரேண்டம் கிரிட் (தற்செயலாக விழும் கிரிட்) உண்டு. துப்பாக்கிகளுக்கு அந்த வாய்ப்பு 2 சதவீதத்தில் தொடங்குகிறது, மெலிக்கு 15-இல் தொடங்கி, நீங்கள் சமீபத்தில் கொடுத்த டேமேஜைப் பொறுத்து 60 வரை ஏறும். கேஷுவலில் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு ஓடி நான்கு பேரைச் சாய்த்துவிட்டு 'மெலி செம' என்று முடிவுகட்டிவிடாதீர்கள். போட்டி ஆட்டங்களில் அது கிடையாது, அதே ஓட்டம் வாசலிலேயே முடிந்துவிடும்.

அளவு மீறினால்

மெலியை அளவுக்கு மேல் வலுவாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு 2009-இன் கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2 சாட்சி. டாக்டிக்கல் நைஃப், களைக்காமல் ஓட மாரத்தான், வேகத்துக்கு லைட்வெயிட், தூரத்திலிருந்து பாய்ந்து குத்த கமாண்டோ. இந்த நான்கையும் சேர்த்துக்கொண்டு ஒருவர் குறுக்கே ஓடினால், நேருக்கு நேர் ரைஃபிளால் சுட்டுக்கொண்டிருப்பவரும் குத்து வாங்கிச் சாவார். ஒரே குத்துதான். ஆடியவர்களுக்குக் கமாண்டோ என்றால் இன்றும் பல்லைக் கடிக்கத் தோன்றும். 2011-இல் வந்த அடுத்த மாடர்ன் வார்ஃபேரில் கமாண்டோ என்ற அந்தப் பெர்க்கே (கூடுதல் திறனே) இல்லை. ஹேலோ இந்த விஷயத்தில் நிதானம் காட்டியது. பாய்ந்து வெட்டும் எனர்ஜி வாளை மேப்பில் போட்டியிட்டு எடுக்கும் பொருளாக வைத்துவிட்டு, எல்லோருக்கும் பொதுவாகத் துப்பாக்கியாலேயே இடிக்கும் அடியைக் கொடுத்தது. சுட்டு ஷீல்டைக் கழற்று, நெருங்கி ஒரு இடி. துப்பாக்கியும் மெலியும் இவ்வளவு இயல்பாகச் சேர்ந்த கேம் குறைவு.

பிங் பார்க்காமல் கத்தியை எடுக்காதீர்கள்

கவுண்டர்-ஸ்டிரைக்கில் கத்தி வீச்சு எட்டும் தூரம் 48 யூனிட், குத்து 32. வினாடிக்கு 250 யூனிட் ஓடுகிறவர் 100 மில்லிசெகண்டில் 25 யூனிட் நகர்ந்துவிடுவார், வீச்சின் பாதிக்கும் மேல். சர்வரோடு தகவல் போய்வர ஆகும் தாமதம்தான் பிங்; தூரத்திலிருந்து சுடும்போது உறுத்தாத அது, கை எட்டும் தூரத்தில் எல்லாமாகிவிடும். சர்வர் இதைச் சரிக்கட்டப் பார்க்கும். நீங்கள் அடித்த நொடியில் உங்கள் திரையில் எதிராளி எங்கே நின்றாரோ, அந்த நிலைக்குப் பின்னோக்கிப் போய்ச் சோதிக்கும். டிஎஃப் 2-இல் நேருக்கு நேர் நின்றும் பேக்ஸ்டாப் வாங்கிச் செத்தேன் என்று ஆட்கள் கத்துவது இதனால்தான். ஸ்பையின் திரையில் அவர்கள் இன்னும் திரும்பவில்லை.

எனவே சர்வரைத் தேர்ந்தெடுப்பதும் மெலித் தேர்வில் சேர்த்தி. வால்வின் கேம்களுக்கு மும்பையோடு சென்னையிலும் சர்வர் உண்டு. மதுரையில் உட்கார்ந்து ஆடுகிறவர் சிங்கப்பூர் லாபியில் போய்க் கத்தியைத் தூக்க வேண்டிய அவசியம் இல்லை. பிங் கூடுதலாக இருக்கிறதென்றால் அன்றைக்குக் கத்தியை ஓடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கின்னுக்குக் காசு?

2013 ஆகஸ்டில் ஆர்ம்ஸ் டீல் அப்டேட் வந்ததிலிருந்து சிஎஸ் கத்திகளின் ஸ்கின்கள், அதாவது தோற்றத்தை மட்டும் மாற்றும் அலங்காரங்கள், ஒரு தனிச் சந்தை. கரம்பிட், பட்டர்ஃபிளை, இலவசக் கத்தி எல்லாவற்றுக்கும் வேகம், தூரம், டேமேஜ் ஒன்றுதான். சீனாவில் 2017-இல் வெளியிடப்பட்ட கணக்குப்படி ஒரு கேஸில் (சாவி வாங்கித் திறக்கும் பெட்டியில்) கத்தி விழும் வாய்ப்பு 0.26 சதவீதம், அதாவது சுமார் 385-இல் ஒன்று. சாவி 2.49 டாலர். சராசரியாகப் பார்த்தால் சாவிக்கு மட்டும் 950 டாலருக்கு மேல். ஆசை இருந்தால் சந்தையில் நேராக வாங்குங்கள், கேஸ் திறக்காதீர்கள். முதலீடு என்று நினைத்து வாங்குகிறவர்கள் 2025 அக்டோபரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து கோவர்ட் (அரிய வகை) ஸ்கின்களைக் கொடுத்துக் கத்தியாக மாற்றலாம் என்று வால்வ் ஒரு அப்டேட்டில் சொன்னது, கத்தி விலைகள் சரிந்தன. வாலரண்டில் விற்கவும் வழியில்லை, வாங்கியது கணக்கோடு போகும். ஆட்டத்தையே மாற்றும் ஊபர்சாவும் எஸ்கேப் பிளானும் டிஎஃப் 2-இல் ஆடிக்கொண்டிருந்தாலே டிராப்பில் விழும். ஒன்றையும் மாற்றாத கரம்பிட்டுக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுக்கிறோம்.

கத்திக்குத்தே முடிவைத் தீர்மானிக்கும் சந்தர்ப்பமும் சிஎஸ்ஸில் ஒன்று உண்டு: கத்தியை மட்டும் வைத்து ஆடும் நைஃப் ரவுண்ட். மூன்று மேப் போட்டியில் முடிவு சொல்லும் கடைசி மேப்பில் யார் எந்தப் பக்கம் தொடங்குவது என்பதைப் பெரும்பாலும் இதை வைத்துத்தான் முடிவுசெய்கிறார்கள். அதில் மட்டும் டேமேஜ் எண்ணை முதலில் பாருங்கள். ஐந்து பேரும் சேர்ந்தே போங்கள், தனியாகச் சுற்றி வளைக்கப் போகிற வீரரைத் தடுத்து நிறுத்துங்கள். முன்னால் ஒருவர் எதிராளியைத் தன் பக்கம் திருப்ப வேண்டும், பக்கவாட்டில் இருப்பவர் முதுகைப் பார்த்து வலது கிளிக் போட வேண்டும். நியூக் மேப் என்றால் ஜெயித்ததும் யோசிக்காமல் சிடி பக்கத்தை (குண்டு வைக்க விடாமல் காக்கும் பக்கத்தை) கேளுங்கள்.